காரைக்குடித் தரை ஈப்போ வீட்டுக்கு ஒத்துவருமா? பயணத்தில் பார்த்த அழகை வீட்டுக்குக் கொண்டு வருமுன்

பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு போய்த் திரும்பியவர்களின் கைப்பேசியை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். கோயில் கோபுரம், வாழையிலைச் சாப்பாடு, துணிக்கடை வாசலில் குடும்பத்தோடு ஒரு படம். இவற்றுக்கு நடுவே ஐந்தாறு படங்களில் ஆளே இருக்க மாட்டார்கள். ஒரு தரை, ஒரு கதவு, ஒரு தூண், ஒரு சன்னல் கம்பி. "நம்ம வீட்டுக்கும் இப்படிச் செய்யணும்" என்று எடுத்த படங்கள் அவை.

தீபாவளிக்கு முன் சாயம் அடிக்கும்போதும், தாமான் வீட்டைச் சீர்செய்யும்போதும் அந்தப் படங்கள் வெளியே வரும். குத்தகையாளரிடம் காட்டுவோம். அவரும் "செய்யலாம்" என்பார். செய்து முடித்த பிறகு பார்த்தால் அங்கே பார்த்த அழகு இங்கே இருக்காது. பணம் மட்டும் போயிருக்கும்.

ஈப்போவில் என் மாமா வீட்டில் நடந்ததும் இதுதான். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் தரையைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர், அதே கல்லை வரவழைத்து வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்தில் பதித்தார். முதல் மாதம் தெருவே வந்து பார்த்தது. இரண்டு மழைக்காலம் போனது. மழைச்சாரல் படும் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இன்னொரு பக்கம் பாசி. கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. கோபத்தில் குளியலறை கழுவும் அமிலத்தை ஊற்றித் தேய்த்தார். உப்போடு சேர்ந்து பூவும் போய்விட்டது.

கல்லில் குறையில்லை, விற்றவரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தரை அங்கே எந்த இடத்தில் இருந்தது என்பதை மாமா பார்க்கவில்லை. படத்திலும் அது விழவில்லை.

ஆத்தங்குடிக் கல் எப்படிப் பிறக்கிறது

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் ஆத்தங்குடி. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் திருச்சியில் இறங்கினால், அங்கிருந்து காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறைகள் பலவற்றில் வெளியாட்கள் நின்று பார்க்கலாம். போகிறவர்கள் மாளிகைகளோடு திரும்பிவிடாமல் பட்டறைக்கும் ஒருமுறை போய் வரவேண்டும். அரைமணி நேரம் போதும்.

முதலில் ஒரு சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்துக்கு ஏற்றபடி தகட்டால் தடுப்புகள் செய்த அச்சு ஒன்றை இறக்குகிறார்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எல்லாம் சிமெண்டோடு கலந்த நிறப்பொடிகள்தான். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலந்துவிடுவதில்லை. கை பழகியவருக்குத்தான் அது வரும். அதன்மேல் காய்ந்த மணல், சிமெண்டுத் தூள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சிமெண்டுக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்து, நீரில் ஊறி, மறுபடி காய்ந்த பிறகு கண்ணாடி தனியாகக் கழன்று வருகிறது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடி போலவே வழவழப்பாக இருக்கும்.

சூளை கிடையாது, மெருகு போடும் இயந்திரமும் கிடையாது. நடக்க நடக்கத்தான் கல்லுக்குப் பளபளப்பு ஏறும். துடைக்கும் நீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

மாமாவின் முன்வாசலில் என்ன தவறு நடந்தது என்பது பட்டறையில் நின்றால் புரிந்துவிடும். இந்தக் கல் சுடப்படவில்லை, மேலே கண்ணாடிப் பூச்சும் இல்லை. அது சிமெண்டு. ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். சிமெண்டை அமிலம் தின்னும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வினிகர் எதுவானாலும் சிந்தியதும் துடைக்காவிட்டால் தடம் விழும். ஆகவே நம் சமையலறைக்கு அது ஏற்றதா என்று யோசிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளிலேயே அந்தப் பூக்கல் கூரைக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் கூடத்தில்தான் இருக்கிறது. மழை விழும் முற்றத்தில் அதைப் பதிக்க மாட்டார்கள். அங்கே கருங்கல்.

மழைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தீபகற்ப மலேசியாவின் பல இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிவகங்கைச் சீமையில் அதில் பாதிகூட இராது.

எடை இன்னொரு கணக்கு. எட்டு அங்குலச் சதுரக் கல் முக்கால் அங்குலக் கனத்தில் இருந்தால், ஒரு கல்லே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இரண்டடிக்கு இரண்டடி இடம் நிரப்ப 9 கல் வேண்டும். ஏறக்குறைய 15 கிலோ. விமானப் பெட்டியில் துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள், புடவைகளை அங்கேயே விட்டுவர வேண்டியிருக்கும்.

அந்த வீடுகளும் பயணத்தில் பிறந்தவைதான்

செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்த்து "நம் பாரம்பரியம்" என்று பெருமூச்சு விடுகிறோம். சரிதான். ஆனால் அங்குள்ள தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. சுவரில் பதித்த பளபளப்பான பூ ஓடுகளில் பல ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் செய்தவை. நிலைக்கண்ணாடி பெல்ஜியத்துச் சரக்கு. கப்பலேறித் தொழில் செய்யப் போன நகரத்தார், போன இடங்களில் கண்டதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாம் கைப்பேசியில் செய்வதை அவர்கள் கப்பலில் செய்தார்கள்.

ஆனால் கண்டதையெல்லாம் கண்ட இடத்தில் ஒட்டிவைக்கவில்லை. வீட்டின் எலும்புக்கூடு அவர்களுடையது. தெருவில் தொடங்கி மறுதெரு வரை நீளும் மனை. முன்னால் திண்ணை, முகப்பு. உள்ளே நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக வளவு. அதன் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படி. வெயிலுக்குக் கனமான சுவர். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. இந்தச் சட்டகத்துக்குள் பர்மாத் தேக்கு தூணாக நின்றது, இத்தாலியப் பளிங்கு கூடத்தில் படுத்தது. வெளியூர்ச் சரக்கு உள்ளூர் வீட்டுக்கு அடங்கி நடந்தது.

அந்த வீடுகளுக்குள் நிற்கும்போது மலேசியத் தமிழருக்கு வேறொன்றும் தோன்றும். அந்தத் தூண்களை நிறுத்திய பணத்தில் ஒரு பகுதி இங்கே, மலாயாவில், வட்டித் தொழிலிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் விளைந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. சிங்கப்பூர் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் எழுப்பியது 1859இல். காரைக்குடியில் ஒரு தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது என் தாத்தா பால் வெட்டிய மரம்தான். அதில் கசப்பும் இருந்தது, ஓர் உரிமையும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பினாங்கு நீலமும் மலாக்கா ரோஜாவும்

தமிழ்நாடு வரை போக வசதியில்லாதவர்கள் வருத்தப்படவேண்டாம். பேருந்திலேயே போகக்கூடிய இரண்டு ஊர்கள் நமக்கு உண்டு. ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

ஜோர்ஜ்டவுன் லெபோ லெய்த்தில் இருக்கிறது சியோங் ஃபாட் ஸீ மாளிகை. நீல மாளிகை என்றால் யாரும் காட்டுவார்கள். சீனப் பெருவணிகர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு. அதன் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதே நீலத்தில் வரவேற்பறை முழுக்கச் சாயம் அடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம். இருவரும் ஓராண்டுக்குள் வெள்ளைக்குத் திரும்பிவிட்டார்கள். அறை குகை மாதிரி ஆகிவிட்டதாம்.

மாளிகையின் நீலம் எங்கே இருக்கிறது? வெளிச்சுவரில், கொட்டும் வெயிலில். அது நாம் கடையில் வாங்கும் சாயமும் இல்லை. சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. அவுரிநீலம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட விடும். பழைய செங்கல் சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அதே பழைய சுவரில் இன்றைய பிளாஸ்டிக் சாயத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, சாயம் கொப்புளம் கொப்புளமாக உரியும். பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் சாயம் அடித்த தாமான் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. நீலத்தை மட்டும் கொண்டுவரலாம். வாசற்சுவர் ஒன்றிலோ கேட்டுக்குப் பக்கத்துத் தூணிலோ. முதலில் ஓரடிச் சதுரம் அடித்து, காலை, நண்பகல், விளக்கு போட்ட இரவு என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்தால், ஒரு டின் சாயத்தின் விலையாவது மிஞ்சும். கைப்பேசிப் படத்தின் நிறத்தை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு நீலம் காட்டும்.

மலாக்கா பழைய தெருக்களிலும் சிங்கப்பூர் ஜூ சியாட், கூன் செங் சாலைப் பக்கத்திலும் வீட்டு முன்சுவரில் ரோஜாவும் மயிலும் புடைத்து நிற்கும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெரானாக்கான் ஓடு என்று இப்போது அழைக்கிறோம். பலரும் சீன ஓடு என்று நினைக்கிறார்கள். அவற்றில் முந்தியவை பிரிட்டன், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து வந்தவை. பிறகு ஜப்பான் அந்தச் சந்தையைப் பிடித்தது. ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிது. இது களிமண்ணை அழுத்தி, கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சூளையில் சுட்டது. தண்ணீர் இறங்காது, ஆனால் தரையில் போட்டால் வழுக்கும், புடைப்பும் தேயும்.

அது எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். சன்னலுக்குக் கீழே, இடுப்பளவு உயரம் வரை. முன்னால் ஐந்தடிப் பாதை. சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அப்படி வந்த பாதையில் மழை தெறிக்கும், கூலியாட்கள் சுமையோடு உரசிப் போவார்கள், மிதிவண்டி சாயும். அழுக்கை ஒரு துணியால் துடைத்துவிட ஓடு பதித்தார்கள். அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை. மாமா முன்வாசலுக்குத் தேடியது உண்மையில் இந்த ஓடுதான். காரைக்குடிக்குப் போகாமல் மலாக்காவுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். இதைச் சொன்னால் அவர் இன்றும் சிரிப்பதில்லை.

இடித்த வீடுகளிலிருந்து பெயர்த்த பழைய ஓடுகள் விலைக்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் எங்கிருந்து பெயர்த்தது என்று கேளுங்கள். இன்னும் நிற்கும் வீட்டிலிருந்து வந்த ஓடாக இருந்தால், நாளை நாம் படமெடுக்கப் போகும் தெருவைத்தான் இன்று வாங்குகிறோம். புதிதாகச் செய்தவையும் கிடைக்கின்றன.

எதைப் படமெடுப்பது

பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்து வந்தால் பிறகு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முதலில் தள்ளி நின்று முழு அறையையும் எடுங்கள். அடுத்து ஓரம். பிறகு மூலை. ஓரக்கரை மூலையில் எப்படித் திரும்புகிறது என்பதில்தான் கொத்தனார்கள் தடுமாறுவார்கள். கடைசியாக உங்கள் கையைத் தரையில் வைத்து ஒரு படம். சாண் கணக்கில் அளவு தெரிந்துவிடும். யாரேனும் குடியிருக்கும் வீடு என்றால் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடப்பது போலத் தெரியும், உள்ளே ஒரு பாட்டி இருப்பார்.

தரையைப் புரிந்துகொள்ளப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல், கரை, முந்தி. செட்டிநாட்டுக் கூடத்தில் நடுப்பகுதி பெரும்பாலும் அடக்கமான வடிவம், அதுதான் உடல். சுற்றிலும் அழுத்தமான நிறத்தில் கரை. வாசல் நிலைக்கு நேராகச் சில சமயம் தனிப் பூ, அது முந்தி. நம் வீடுகளில் செய்யும் பிழை, கரையே இல்லாமல் சுவரிலிருந்து சுவர் வரை பூவாக இறைப்பது. கண் நிற்க இடமில்லாமல் போய்விடும்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. பல பூக்கற்களில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும். நான்கு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் முழுப்பூ. நான்கு புள்ளிக்குள் ஒரு சிக்கு போடும் அதே கணக்கு. அம்மா அத்தைமாரின் கோல நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு தரையை வரைந்து பார்க்க அது போதும், தனியாக எதுவும் கற்கவேண்டாம்.

சிறிய வீட்டுக்கு என் பரிந்துரை கேட்டால்: முழுத் தரையையும் மாற்றாதீர்கள். சாமி மேடைக்கு முன்னால் நாலடிக்கு நாலடி, சுற்றிலும் ஒரு கரை. செருப்புப் படாது, மழை படாது. எண்ணெய் சொட்டாமல் குத்துவிளக்குக்குக் கீழே மட்டும் ஒரு தட்டு வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அதைவிட நல்ல இடம் தாமான் வீட்டில் கிடையாது. அந்தப் பூவை அச்சடித்த பீங்கான் ஓடும் கடைகளில் வந்துவிட்டது. விலை மலிவு, கறை பிடிக்காது. சமையலறைக்கு அதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணியிலும் இதே கதைதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் பாட்டனார்களும் மலாய் அண்டைவீட்டாரும் கட்டிய கட்டம்போட்ட 'பெலேக்காட்' கைலி இருக்கிறதே, அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து ஏறிய துணி அது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெரிய கட்டத்தைப் பார்த்து "கைலி மாதிரி இருக்கே" என்று சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் கண் சரியாகத்தான் பார்க்கிறது.

சிவப்புப் படி

காரைக்குடியில் ஒரு வீட்டின் பெரிய கூடத்தையும் பளிங்கையும் அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். பின்கட்டுக்குப் போனதும் நின்றுவிட்டார். அங்கே பூக்கல் இல்லை. வேலைக்காரர்கள் புழங்கிய இடம். வெறும் சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. குனிந்து கையால் தடவினார்.

"இது நம்ம லயத்துப் படிடா" என்றார்.

சிவப்புத் தரை செய்வது பூக்கல்லைவிட எளிய சரக்கு, கடினமான கைவேலை. சிமெண்டுத் தளம் ஈரமாக இருக்கும்போதே, இரும்பு ஆக்சைடு என்னும் காவிநிறப் பொடியைச் சிமெண்டோடு கலந்து மெல்லிய படலமாகப் பூசி, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். நன்றாக நீர் காட்டாவிட்டால் வெடிக்கும். சரியாக வந்தால் ஐம்பது ஆண்டு நிற்கும்.

லயத்தில் அவ்வளவு வசதி ஏது. வெறும் சிமெண்டுப் படிதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் சிவப்பு மெழுகை வாங்கி, பழைய கைலித் துணியால் தேய்த்து, தேங்காய் மட்டையால் மெருகேற்றுவார்களாம். ஓரத்துக்குக் கறுப்புச் சாயம். எட்டு வீட்டு லயத்தில் எட்டுப் படியும் எட்டு விதம். யார் வீட்டுப் படி அதிகம் பளபளக்கிறது என்று போட்டியே நடக்குமாம். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிந்து, இப்போது அங்கே செம்பனையும் ஒரு வீடமைப்புத் திட்டமும். படியின் படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை. கல்யாணப் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு மூலை தெரிகிறது, அவ்வளவுதான். இன்னும் லயத்தில் குடியிருப்பவர்கள், ஆளில்லாத லயத்துக்குக் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், படி, கதவு, சன்னல், அடுப்பங்கரை ஆகியவற்றை முதலில் சொன்ன முறையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக, ஓரம், மூலை, கை வைத்து ஒன்று.

இந்த ஆண்டு எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குச் சிவப்புத் தரை போட ஆள் பேசியாகிவிட்டது. கறுப்புப் பட்டை படியின் மேல் விளிம்பில் இருந்ததா, கீழேயா என்பதில்தான் நிற்கிறது. அம்மா மேலே என்கிறார். சுங்கை சிப்புட்டிலிருந்து பெரியம்மா, கீழே, நான்தான் ஆண்டுதோறும் அடித்தேன் என்கிறார். இரண்டையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.